காம்புப் பக்கத்துத் துண்டு

பத்து நாளில் மூன்றே மூன்று நாள்தான் நான் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகிப் பேசி நல்ல பெயர் வாங்க எனக்கு வராது. ஒரு தடவை வாங்கப் பார்த்துத்தான் இவ்வளவும் நடந்தது.

நான் தையல்காரி. கீழ்த்தளத்தில் முன்னறை கடை, பின்னறை வீடு. எனக்கு மேலே மாஸ்டரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, சமையல் மாஸ்டர். தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவர். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு இல்லை என்று இருபத்தேழு வருஷம் சொன்ன வாய். அவள் நாலாம் மேடை என்று சொன்னால் மூட்டை முடிச்சோடு சனம் நாலாம் மேடைக்கு ஓடும். யாரும் திரும்பி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாஸ்டருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள், அதுதான் அந்தக் கதிர்வீச்சு. கட்டி போயிற்று, கூடவே நாக்கும் போயிற்று. உப்பு, உறைப்பு, புளிப்பு, இனிப்பு எதுவுமே தெரியவில்லை. ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்றார்கள். ஒன்றரை வருஷமாகியும் திரும்பவில்லை. எச்சிலும் சரியாக ஊறாது. பேசும்போதே நடுவில் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். கரண்டியை நாக்கில் தொட்டுவிட்டு நானூறு பேர் சாப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன மனுஷன், இப்போது தட்டைப் பார்த்து, இது சோறா பஞ்சா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். சிரிக்கிறாரே என்று நாமும் சிரித்துவிட்டு வந்தால், அன்றைக்கு நமக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வாய்க்கு இதமாக இறங்கியது வெள்ளரிக்காய் ஒன்றுதான். தண்ணீரும் குளிர்ச்சியும், கடிக்கும்போது அந்த மொறுக் சத்தமும் அவருக்குப் போதும். கடைக்காய் தோல் தடித்து விதை முற்றிப்போயிருக்கிறது என்று மொட்டை மாடியில் தானே போட்டார். ஒன்பது பெயின்ட் வாளிகள். அடியில் ஓட்டை, மேலே மண்ணும் மக்கிய காய்கறித் தோலும், அதன்மேல் காய்ந்த சருகு. கொடி ஏறச் சணல் கயிறு. உச்சி வெயிலுக்கு மறைப்பாகப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டியிருந்தார். காலையில் வெயில் ஏறும் முன் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, பின்னால் பிஞ்சு ஒட்டியிருக்கிற பெண் பூவில் பதமாகத் தடவுவார். வண்டு வராத மாடி, அதனால் அந்த வேலையும் இவர் தலையில்.

ருசி தெரியாதவருக்குக் கடைக்காய் ஆனால் என்ன, வீட்டுக்காய் ஆனால் என்ன என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டேவிட்டேன். என் வாய் அப்படி. அவர் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. அவளுக்குத் தெரியுமே. அவ சொல்லுவா."

உண்மைதான். அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. காயைக் கழுவி மேசையில் வைப்பார்கள். அக்கா காம்புப் பக்கத்தில் முதல் துண்டை அறுத்து வாயில் போடுவாள். கசப்பு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும் என்பது மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. அவள் மெல்வதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு அவள் சொல்லுவாள். சும்மா நல்லா இருக்கு என்று சொல்லமாட்டாள். மைக் பிடித்த வாய் இல்லையா. தோல் கொஞ்சம் புல்வாசம், உள்ளே போனதும் அந்த வாசம் காணோம், நடுவில் லேசா ஒரு தித்திப்பு, அது நாக்கு நுனிவரைக்கும் வராது, பக்கவாட்டிலேயே நிக்குது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். ஆமா ஆமா என்பார். ஒரு நாள், நேத்து சொன்னதுக்கு இன்னிக்குத் தித்திப்புக் கம்மியாச் சொல்றியே, மண்ணு சரியில்லையோ என்று மாடிக்குப் போய் வாளியைக் கிளறினார். அவள் வாய்ச்சொல்லை வைத்து உரம் போட்ட மனுஷன் அவர்.

போன வெயிலில், பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க அவர்கள் வெளியூர் போகவேண்டியிருந்தது. பத்து நாள். மாடிச் சாவியை என்னிடம் கொடுத்தார். காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு, வாளிக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம் என்று செம்பையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"வெள்ளரிக்கு வாய் மட்டுந்தாம்மா இருக்கு, வயிறு கிடையாது. சேத்து வச்சுக் குடிக்கத் தெரியாது. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குடம் குடமா ஊத்துனா கோவிச்சுக்கும். கோவத்த காயில காட்டும்."

கேட்டுக்கொண்டேன். இதென்ன பெரிய வேலை, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க என்று சவடாலாகச் சொன்னேன்.

முதல் நாள் ஊற்றினேன். இரண்டாம் நாள் பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்து இறங்கியது. இருநூற்றுப் பத்து செட், பன்னிரண்டு நாளில். தலைக்கு மேல் வேலை. இரண்டு மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வேலையும் முழங்காலும் சாக்குத்தான். மறந்துபோனேன் என்றுகூடச் சொல்லமுடியாது. தையல் மெஷினுக்கு நேர் எதிரே ஆணியில் சாவி தொங்கியது. பார்த்துக்கொண்டேதான் மிதித்தேன். நாளைக்குச் சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ஏறிப்போனால் கொடி துவண்டு கிடந்தது. வாளிக்கு அரைக் குடம் ஊற்றினேன். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன், நிமிர்ந்து நின்றது. அட, இவ்வளவுதானே என்று தைரியம் வந்துவிட்டது. அடுத்து ஏறியது அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான். அன்றைக்கும் அதே அரைக் குடம். தண்ணீர் வாளி வழிந்து சுவர் வழியே இறங்கியது.

நடுவில் தினமும் போனில் கேட்பார். தன் ஸ்கேனைப் பற்றிப் பேசமாட்டார், செடியைத்தான் கேட்பார். ஊத்திட்டேன் அண்ணே என்பேன். ஒரு நாள் அதோடு நிறுத்தாமல், மூணாவது வாளியில் ஒரு பிஞ்சு விரல் நீளம் வந்திருக்கு என்று கதை அளந்தேன். மாடிப்படியை மிதிக்காதவள் பிஞ்சை அளந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் சிரிக்கிறது கேட்டது. டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற மனுஷனைச் சிரிக்க வைத்தோமே என்று எனக்குப் பெருமை வேறு.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. கட்டி திரும்பவில்லை. அந்தச் சேதியோடு வந்து இறங்கினார்கள். மாஸ்டர் பையைக்கூட உள்ளே வைக்காமல் மாடிக்கு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். எல்லாம் துவண்டு கிடக்கும் என்றே நினைத்தேன். ஆனால் கொடி பச்சையாக நின்றது. காயும் ஐந்தாறு தொங்கியது. கொஞ்சம் கோணல், ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல வெயிலோ என்று கேட்டார். பயங்கர வெயில் அண்ணே என்றேன். பத்து நாளில் நான் அவரிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

நாலு காயைப் பறித்துக்கொண்டு இறங்கினோம். மேசைக்கு முன்னால் அவர் சின்னப் பிள்ளை போல உட்கார்ந்துகொண்டார். அக்கா கழுவினாள், காம்புப் பக்கத்தை அறுத்தாள், வாயில் போட்டாள். மெல்லும்போது அவள் தாடை ஒரு தடவை நின்றது. நான் பார்த்தேன். ஒரே தடவை. பிறகு விழுங்கிவிட்டாள்.

"எப்படி?" என்றார் மாஸ்டர்.

"இந்த வருஷத்துல இதுதான் காயி," என்றாள். "தித்திப்பு நடுவுல இல்ல, ஓரத்துலயே ஆரம்பிச்சிருச்சு."

எனக்கு ஒரு துண்டு நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஆர்டர் முடிக்கணும் அக்கா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். இறங்கும்போது அவர் கடிக்கிற மொறுக் மொறுக் சத்தம் பின்னாலேயே வந்தது. அவள் தாடை நின்றதை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா என்று கீழே வந்து என்னையே கேட்டுக்கொண்டேன். பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு மெஷினில் உட்கார்ந்தேன்.

பொழுது சாய்வதற்குள் மாஸ்டருக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. வாந்தியோடு வயிற்றுப்போக்கும். நிற்கவே இல்லை. உடம்பில் என்ன இருக்கிறது அவருக்கு, ஏற்கெனவே எலும்பும் தோலும்தான். ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் படுத்துவிட்டது என்றார்கள். சலைன் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனபோது டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண், ஆனால் கறார். வாந்தியில் ரத்தம் கலந்திருக்கிறது, பழைய சீக்கு வேறு இருக்கிறது, அதனால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம், பதினொரு மணிக்கு என்றாள். குழாய் என்றதும் மாஸ்டர் கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் வைத்து வெந்த தொண்டை அது. தண்ணீர் இறங்கவே கெஞ்சவேண்டியிருக்கிறது, அதில் குழாய். நேற்று என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டாள். வெள்ளரிக்காய் மூன்று, கொஞ்சம் ரொட்டி என்றாள் அக்கா.

"காய் கசப்பா இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில சமயம் கசப்பு வெள்ளரியே விஷமாயிரும்."

"இல்ல," என்றாள் அக்கா.

மாஸ்டர் படுத்தபடியே தலையை ஆட்டினார். "அவ ருசி பாத்துத்தான் டாக்டர் குடுத்தா."

ஃபிளாஸ்கை வைத்தேன், வெளியே வந்தேன், பஸ் பிடித்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலைப் பார்க்காமல் இரண்டு மாடியும் ஏறினேன். கொடியில் மிச்சம் இரண்டு காய் இருந்தது. ஒன்றைப் பறித்துக் காம்புப் பக்கம் கடித்தேன். கடித்த வேகத்தில் துப்பினேன். நாக்கு மடங்கிப்போயிற்று. வாயைக் கொப்பளித்தும் போகவில்லை, தொண்டையிலேயே நின்றது. ருசி தெரிகிற ஜென்மம் எதுவும் இதை ஒரு துண்டுக்கு மேல் தின்னாது. அவர் மூன்று காய் தின்றிருக்கிறார்.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றித் தோன்றவில்லை. இந்த இரண்டு காயையும் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் குப்பைத் தொட்டிவரைக்கும் போனேன். தொட்டி மூடியைத் திறந்துகூட விட்டேன். மணி பத்து. பதினொரு மணிக்குக் குழாய். அந்த ஒரு மணி நேரம்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றியது, என் நல்ல மனசு இல்லை.

அக்கா வார்டு வெளியே குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து காட்டினேன். பத்து நாளில் மூன்று நாள்தான் ஊற்றினேன் என்றேன். எல்லாப் பழியும் என்மேல்தான், உங்க காலில் விழறேன் அக்கா என்றேன். அவள் டம்ளரை உதறிக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ ஊத்தலன்னா காயி கசக்கும். அவ்ளோதான். கசந்த காய இனிக்குதுன்னு சொன்னது யாரு?"

நான் பையை மூடினேன்.

"வாயில வச்சதும் தெரிஞ்சிருச்சு. பத்து நாளா அந்த ரிப்போர்ட்டுக்கு உக்காந்திருந்தோம், ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்கல. நல்ல சேதி வந்த அன்னிக்கு, அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, கசக்குது தூக்கிப் போடுன்னு எப்படிடி சொல்வேன். அவருக்குத்தான் தெரியப்போறதில்லையேன்னு நெனச்சேன். அப்படி நெனச்சேன் பாரு, அவருக்குத்தான் தெரியாதேன்னு." அவள் குரல் உடையவில்லை, இறங்கிக்கொண்டே போனது. "டாக்டர் கேட்டப்பவும் வாய் கூசாம இல்லன்னேன். அவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. உண்மை வாய்க்கு வரல."

டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம் என்றாள். குழாய் விடாமல் நிறுத்திவிடுவார்கள். அவருக்கு மட்டும் தெரியவேண்டாம். ஒரு வருஷமாக அவர் தின்கிறது என் நாக்கை நம்பித்தான், அது போனால் அவருக்கு வேறு ஒன்றுமே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை. சரி அக்கா என்றேன். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னேன்.

நாங்கள் டாக்டரம்மாவைத் தேடிப் போவதற்குள் அவள் வார்டுக்குள் வந்துவிட்டாள். சக்கர நாற்காலியும் வந்துவிட்டது. மாஸ்டரை எழுப்பி உட்காரவைத்திருந்தார்கள். முகம் வெளுத்துப்போய், என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். செடிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா என்று கேட்டார்.

அதற்கப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. டாக்டரம்மாவை வெளியே கூப்பிட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அக்கா என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். ஆனால் எனக்கு அவரிடமே சொல்லவேண்டும் போலிருந்தது. அவர் வாயால் பரவாயில்லை என்று கேட்கவேண்டும் போலிருந்தது. என் பாரம் இறங்கினால் போதும் என்று இருந்தது.

"நான் தண்ணி ஊத்தவே இல்லண்ணே. பொய் சொன்னேன். காயெல்லாம் கசந்து கெடக்கு. நான் கடிச்சுப் பாத்தேன், வாயில வைக்க முடியல. டாக்டர், அந்தக் காய்தான் டாக்டர்."

டாக்டரம்மா பையை வாங்கினாள். ஒரு காயைக் கிள்ளி நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே கைக்குட்டையை எடுத்தாள். நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாள். குழாய் இப்போதைக்கு வேண்டாம், ரத்தம் வாந்தி எடுத்து எடுத்துத் தொண்டை கீறி வந்ததாக இருக்கலாம், இரண்டு நாள் சலைன் போகட்டும், பார்ப்போம் என்றாள்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வேலை இருந்திருக்கும்மா உனக்கு. சீருடை நேரம். இதுக்கா அழுவுற," என்றார். நான் எதிர்பார்த்த பரவாயில்லை முழுசாகக் கிடைத்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அவர் கண் மெதுவாக நகர்ந்து என் தோளைத் தாண்டிப் போனது. வாயில் வைக்க முடியாத காய். காம்புப் பக்கத்துத் துண்டை முதலில் தின்றது யார் என்று கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை. அவர் அக்காவை எதுவும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போர்வையை இழுத்துவிடச் சொன்னார். அவள் இழுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று நின்றேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். பத்து நாளில் பழையபடி நடமாடினார். கொடியை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது விதை வாங்கி ஊன்றினார். இந்தத் தடவை காலையிலும் சாயங்காலமும் அவரே செம்பை எடுத்துக்கொண்டு ஏறுவார். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். நான் ஊத்தட்டுமா அண்ணே என்று கேட்டால் எனக்கே அசிங்கமாக இருக்கும், அதனால் கேட்கவில்லை. அக்காவிடம் எப்போதும் போலத்தான் பேசுகிறார், மாத்திரை எங்கே, மின் கட்டணம் கட்டியாச்சா என்று. அவளும் எப்போதும் போலச் சமைக்கிறாள். அவர் தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார். எப்படி என்று கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. மாடியிலிருந்து என் கடைக்குக் கேட்கிற அந்த நிறுத்தி நிதானமான குரல் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது.

நேற்றுக் காலை அவரே படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். புதுக் கொடியில் முதல் காய். மேலே போனேன். மேசையில் காய் கழுவி வைத்திருந்தது. நேராக, மழமழவென்று, முள் உதிர்ந்த பிஞ்சு. அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டரே கத்தியை எடுத்தார். காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு அறுத்தார். கத்தி நுனியோடு என் பக்கம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா."

தொட்டியில் பாத்திரச் சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் அக்கா முதுகைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அக்காவைக் கேளுங்கண்ணே என்றாவது சொல்லியிருக்கலாம். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

என் ஆயுசில் அப்படி ஒரு வெள்ளரிக்காய் தின்றதில்லை. கசப்பு மருந்துக்கும் இல்லை. என்னமோ ஒரு வாசனை, என்னமோ ஒரு தித்திப்பு, சொல்லத் தெரியவில்லை. எனக்குத் துணியின் தரம் சொல்லத் தெரியும், அளவு சொல்லத் தெரியும். இது தெரியாது.

"நல்லா இருக்குண்ணே. கசப்பே இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம்... குளுகுளுன்னு இருக்கு. தண்ணியா இருக்கு. நல்லா இருக்கு."

"அவ்ளோதானா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குழாயை மூடினாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். கைத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"அவ்ளோதாண்ணே," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மென்றார்.